சத்தம் முன்னுக்கு, வேலை பின்னுக்கு

ஜனவரி 9, வியாழன்

மொழி வகுப்பில் குன்வோர் ஆசிரியை எங்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். நோர்வேஜிய மொழியில், நாளுக்கு ஐந்து வரி. முதல் வரிக்கே முக்கால் மணித்தியாலம் எடுத்தது: "இன்று நான் வேலைக்குப் போனேன்." வாசித்துப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. வடமராட்சியில் பதினொரு வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்தவன். ஒஸ்லோவில் எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் "மாஸ்டர் வாங்கோ" என்கிற மரியாதை இன்னும் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட கதிர்காமநாதன் மாஸ்டர் இதையா எழுதுவது? நோர்வேஜிய நாட்குறிப்பு அந்த வரியோடு நின்றது. இது தமிழ் நாட்குறிப்பு. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனின் சாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

விஷயத்தை எழுதிவைக்கிறேன். முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாக நான் கூப்பிட்டால் மட்டும் போகிற ஆள். காலை ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் இல்லை. ஒன்பது வருடமாக ஐந்தரைக்கு விழித்து அந்தச் சனியனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நேற்று மேலாளர் மாரித் கூப்பிட்டுச் சொன்னார்: ஜூனில் ஒரு நிரந்தர இடம் வருகிறது, அதை உனக்குத் தர எனக்கு விருப்பம், ஆனால் நோர்வேஜிய வாய்மொழிப் பரீட்சையில் பி2 நிலை வேண்டும். என் கையில் இருப்பது ஒரு படி கீழான பழைய பி1. பரீட்சை மார்ச்சில்.

மொழிப் பரீட்சைதானே. எனக்கா?

ஜனவரி 14, செவ்வாய்

இன்று வகுப்பில் அழுத்தம் பற்றிப் பாடம். என்னுடைய நோர்வேஜிய மொழி ஏன் யாருக்கும் விளங்குவதில்லை என்பது இருபத்திரண்டு வருடம் கழித்துத் தெரியவந்தது. தமிழில் அசைக்கு அசை ஒரே கூலி. இவர்களுக்கோ ஒரு சொல்லில் ஒரு அசைதான் முதலாளி, மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதிலும் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் இரவல் வாங்கிய சொற்களில் முதலாளி பெரும்பாலும் பின்வாங்கில் உட்கார்ந்திருப்பார். தெலெபூன், மருந்துக்கடைக்குச் சொல்கிற அபுதேக், ரெஸ்டுராங் எல்லாவற்றிலும் கடைசி அசையை இழுத்து அழுத்த வேண்டும்.

அசை என்றதும் எனக்கு உசார் வந்துவிட்டது. நேர், நிரை பிரிப்பது எனக்குக் கைவந்த கலை. எழுந்துபோய் பலகையில் பிரித்துக் காட்டினேன். ரெஸ்-டுராங்: நேர் நிரை, கூவிளம். அபு-தேக்: நிரை நேர், புளிமா. சுகு-லா-தெ, அதாவது சொக்கலேட்: நிரை நேர் நேர், புளிமாங்காய். எரித்திரியாக்காரன், போலந்துக்காரி, வியட்நாம் தம்பதி எல்லாரும் பேயைக் கண்டமாதிரிப் பார்த்தார்கள். குன்வோர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிரிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எல்லாத் துண்டையும் ஆணி அடிப்பதுபோல ஒரே பலத்தில் அடிக்கிறீர்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து நளாயினிக்கும் விளக்கினேன். என் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர்; அப்போது சட்டி உரஞ்சிக்கொண்டு நின்றாள்.

"சொக்கலேட் புளிமாங்காயோ? அப்ப பிள்ளையளுக்கு உப்பும் தூளும் போட்டுக் குடுக்கட்டே?"

இலக்கணம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு.

ஜனவரி 26, ஞாயிறு

தனியாகப் பேசிப் பழகினால் பைத்தியம் என்பார்கள். ஆகவே நளாவையும் அதே பரீட்சைக்குப் பதியச் சொன்னேன். "உனக்குத் தேவையில்லைத்தான். எனக்கொரு பேச்சுத் துணையாக இருக்கட்டுமே" என்று தொடங்கி, கல்வியின் பயன், முதுமையில் கற்றல் என்று இருபது நிமிடத்துக்குத் தயாராக இருந்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே "ஓம், போடுறன்" என்றாள். போய்க் கணினியைத் திறந்தாள், கடவுச்சொல்லை அடித்தாள், முடித்துவிட்டாள். என் பேச்சுவன்மை இன்னும் மங்கவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

இன்றைய பாடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கூட்டுச்சொற்கள். இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்கினால் முன்னால் நிற்கிற சொல்லுக்குத்தான் பெரிய அழுத்தம். பின்னால் வருவது தனியாக இருந்தபோது எவ்வளவு துள்ளினாலும் ஒட்டியபிறகு ஒரு படி அடங்கிப்போக வேண்டும். உதாரணமாக ஷோஃபூர், அதாவது சாரதி, தனியே நின்றால் வாலை அழுத்துகிற சொல். முன்னால் பஸ் வந்து "பஸ்ஷோஃபூர்" ஆனதும் அழுத்தம் முழுவதும் பஸ்ஸுக்கு.

சோறு சாப்பிடும்போது இதை நளாவுக்குச் சொன்னேன். கொஞ்சம் குஷியாகத்தான் சொன்னேன். "பாத்தியே, கலியாணம் கட்டினமாதிரி. முன்னுக்கு நிக்கிறவருக்குத்தான் அழுத்தம். பின்னுக்கு வாறவ அடங்கி நடக்கோணும். நோர்வேக்காரனும் ஒத்துக்கொள்ளுறான்."

அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப பஸ்ஷோஃபூர் எண்டால் பஸ்ஸோ, ஷோஃபூரோ?"

"ஷோஃபூர்தான். பஸ் ஓட்டுற ஷோஃபூர்."

"அப்ப கருத்து முழுக்கப் பின்னுக்கு நிக்கிறதிலதானே கிடக்கு. சத்தம் முன்னுக்கு, வேலை பின்னுக்கு. எங்கட வீடு மாதிரித்தான்."

இதையே குன்வோரும் பாடத்தின் கடைசியில் சொல்லியிருந்தார். நான்தான் அந்தப் பகுதியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பெப்ரவரி 15, சனி

நளாவின் உச்சரிப்பைத் திருத்த எடுத்த முயற்சி தோல்வி. வாழைப்பழத்துக்கு பனான், நிரை, பின்னால் அழுத்தம். அவள் "பானன்" என்று முன்னால் போட்டு உடைக்கிறாள். புத்தகத்தைக் காட்டினேன்.

"இஞ்சருங்கோ, குறூருட் பக்கத்துச் சனம் இப்பிடித்தான் கதைக்குது. பிள்ளையளும் இப்பிடித்தான் கேக்குதுகள். உங்கட புத்தகத்துக்குப் பனான் வேணுமெண்டால் அதைப் போய்த் தின்னட்டும்."

குன்வோரிடம் முறைப்பாடு செய்தேன். கிழக்கு ஒஸ்லோவில் இரவல் சொற்களின் முதல் அசையை அழுத்துவது பழைய வழக்கமாம், பரீட்சையில் பிழை இல்லையாம். இப்படியே விட்டுக்கொடுத்தால் மொழி உருப்படுமா?

நேற்று அவள் ஒரு பிள்ளையின் தாயோடு தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினாள். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பிழைகளை எண்ணினேன். பதினான்கு. அந்தப் பக்கத்தில் அந்தத் தாய் விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டது. நான் தொலைபேசியில் பேசினால் அந்தப் பக்கத்தில் "என்ன?" என்று மட்டும்தான் கேட்கும்.

நளா சனிக்கிழமைகளில் காலையிலேயே எங்கோ அலுவலாகப் போகிறாள். மத்தியானச் சோற்றை நானே சூடாக்க வேண்டியிருக்கிறது. என்ன அலுவல் என்று நான் கேட்கவில்லை. பெண்களுக்கு ஆயிரம் அலுவல் இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

நாளை பரீட்சை. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். பரீட்சையில் சித்தியடைந்தால் இரண்டு.

மார்ச் 12, புதன்

வெற்றி! வெற்றி!

பரீட்சையில் ஒரு பகுதி இரண்டு பேர் சேர்ந்து உரையாட வேண்டியது. குடும்பப் பெயர் வரிசையில் ஆட்களைச் சோடி சேர்த்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். சோடி நளா! அவள் முகம் ஏனோ விழுந்துவிட்டது. பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணைக் காட்டினேன்.

தலைப்பு: நகர மத்தியில் கார்களைத் தடைசெய்யலாமா? எதிரே இரண்டு பரீட்சகர்கள், கையில் தாள். எனக்குப் பழைய இரத்தம் கொதித்தது. எத்தனை பட்டிமன்றம் ஏறியவன்! "மதிப்புக்குரிய நடுவர்களே" என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கினேன். தடைசெய்யவே கூடாது என்பது என் அணி. நளா ஏதோ பஸ்ஸைப் பற்றித் தொடங்கினாள். "எதிரணியினர் மறந்துவிட்டார்கள்" என்று மடக்கினேன். மறுபடி தொடங்கினாள். பொதுப் போக்குவரத்துக்கு இவர்களிடம் கொலெக்தீவ்-த்ரான்ஸ்போர்ட் என்று ஒரு நீளமான கூட்டுச்சொல் இருக்கிறது. நளா அதைக் கிழக்கு ஒஸ்லோப் பாணியில் "கொ"வில் அழுத்திப் போட்டு உடைத்தாள். பரீட்சகர்களுக்கு முன்னால் மானம் போகிறதே என்று "கொலெக்-தீவ், தீவ்" என்று சட்டெனத் திருத்திக் கொடுத்தேன். ஒரு பரீட்சகர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வியந்துபோனார் என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் அவர் நளாவை நோக்கி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவள் நினைப்பதையும் நானே சொன்னேன், நேரம் மிச்சம்.

வரும்போது ரயிலில் நளா ஒன்றும் பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முடிவு வந்தது. எனக்கு பி1. அவளுக்கு பி2.

ஏப்ரல் 9, புதன்

கணினிப் பிழை என்று நினைத்து இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தேன். பெயர் மாறிப்போயிருக்கும் என்று நளாவிடம் சொன்னேன். "இருக்கும்" என்றாள். அவள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுவிட்டாள், அதுதான் நெஞ்சைச் சுட்டது. எரிச்சல், பொறாமை, ரெண்டும்தான். வேறு யாருக்கு எழுதுகிறேன், மறைக்க? பதினான்கு பிழைக்காரிக்கு பி2, எனக்கு பி1!

குன்வோரிடம் முடிவுத் தாளைக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் சொல்வளம் பி2. அழுத்தம்கூட நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இது உரையாடல் பரீட்சை. நீங்கள் அவரோடு பேசவில்லை, அவருக்கு எதிராகப் பேசியிருக்கிறீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை."

"விவாதத்தில் எதிரணியிடம் யார் கேள்வி கேட்பார்கள்?" என்றேன்.

"அவர் எதிரணி என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூட. சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மாரித் இன்று என்னைக் கூப்பிட்டுக் கவலைப்பட்டார். ஜூன் இடத்துக்கு விளம்பரம் போடத்தான் வேண்டுமாம். பிறகு சொன்னார்: "உன் மனைவி இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் இங்கே வேலை செய்தவர்தானே. அவருக்கு பி2 கிடைத்ததென்று நீயே சொன்னாய். அவரைக் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டார்."

எனக்கு ஒரேயடியாக விளங்கிவிட்டது. எனக்காக! என் இடம் என்பதற்காக வேண்டாம் என்றிருக்கிறாள்! துவாய்கள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இப்படியொரு பெண்ணின் உச்சரிப்பையா எண்ணினேன்? அழுது முடித்ததும் பெருந்தன்மை பொங்கியது. அங்கேயே நின்று மாரித்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "என் மனைவி இந்த வேலைக்கு வருவார்" என்றேன்.

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"நான் சொல்கிறேன்."

மாரித், "முதலில் வீட்டில் பேசு" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

பேசினேன். என் தியாகத்தை மேசையில் வைத்தேன். கைதட்டு விழும் என்று எதிர்பார்த்தேனா என்று கேட்டால், ஓம்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" என்றாள் நளா.

"நீ எனக்காகத்தானே வேண்டாமெண்டனி..."

"உங்களுக்காகவோ?" அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கு வேற வேலை இருக்கெண்டு வேண்டாமெண்டனான். நான் பஸ் ஓட்டப் போறன்."

"என்ன பஸ்?"

"பெரிய பஸ். சிவப்புப் பஸ். ஜனவரியில இருந்து சனிக்கிழமையளில பழகுறன். எழுத்துப் பரீட்சை பாஸ். அந்த பி2வும் அதுக்குத்தான் எடுத்தனான், உங்களுக்குப் பேச்சுத் துணைக்கில்லை."

கேட்டேன்: "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். மீன்கடை பூட்டிக் கிடக்கு என்கிறமாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவினாள்.

பெயர் நளாயினி. புருஷனைக் கூடையில் வைத்துச் சுமந்தவளின் பெயர். இருபத்தாறு வருடமாக நான் கூடைக்குள் சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சுமக்கிறவளுக்கு உச்சரிப்புத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. தமாஷாக எழுதிப் பார்த்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

நிரந்தர இடம் மாரெக் என்ற போலந்துக்காரனுக்குப் போய்விட்டது. நல்ல மனிதன். அதுதான் இன்னும் எரிச்சல். மாரித் சொன்னார்: நவம்பரில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கும் இதே நிபந்தனை. அடுத்த பரீட்சை செப்டம்பரில். இதையும் விட்டால் அறுபது வயதிலும் ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு கிடப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

நளாவிடம் போய்க் கேட்டேன். "எனக்குப் பழக்கி விடுவியே?" இந்த மூன்று சொல்லைச் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் நோர்வேஜிய மொழியில் நான் அவளிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. திருத்தவும் கூடாது.

"ஐஞ்சு கேள்விதானே?" என்றேன்.

முதல் கேள்வி: இன்று எப்படிப் போனது? இரண்டாவது: களைப்பா? மூன்றாவது கேள்வி வரவில்லை. மொழிப் பிரச்சினை என்று நினைத்துத் தமிழில் யோசித்தேன். தமிழிலும் வரவில்லை. அவளிடம் கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "எப்போதிருந்து உனக்கு பஸ்மேல் ஆசை?"

ஒன்பது வயதில் பருத்தித்துறைப் பஸ்ஸில் தகப்பனோடு போகும்போது சாரதி அவளைக் கூப்பிட்டுக் ஹோர்ன் அடிக்க விட்டாராம். மடியில் புத்தகப்பை, வெளியே ஆட்டுக்குட்டிகள் சிதறி ஓடினவாம். அடுத்த நாள் வகுப்பில் பஸ் ஓட்டப் போகிறேன் என்று சொல்லி ஆசிரியரிடம் குட்டு வாங்கினாளாம். இவ்வளவையும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொல்லிவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டாள். நானும் ஆசிரியனாக இருந்தவன்தான். அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் குட்டியிருப்பேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாவது தரம். இம்முறை சோடி தெஸ்பாய் என்ற எரித்திரியாக்காரர், முடி திருத்துபவர். தலைப்பு: ஒரு வேலையில் முக்கியமானது எது? நான் ஏழு கேள்வி கேட்டேன். நாலு பரீட்சைக்காக. மூன்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு. தலையைப் பிடித்ததும் மனிதனுக்கு என்ன கவலை என்று தெரிந்துவிடும் என்றார். பரீட்சை முடிந்து வெளியே நின்றும் இருபது நிமிடம் கதைத்தோம். சில இடத்தில் அழுத்தம் தவறியிருக்கும். எண்ணவில்லை.

வந்ததும் நளாவிடம் ஒன்றும் பீற்றவில்லை. பிள்ளையாருக்கும் இம்முறை நேர்த்தி இல்லை, பழைய தேங்காயே பாக்கி என்பார்.

அக்டோபர் 13, திங்கள்

நளா வேலை தொடங்கி ஒரு கிழமை. இன்று ஐந்தரைக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஆகவே அவளுடைய பஸ்ஸில் ஏறிப் பார்ப்பதென்று முடிவெடுத்தேன். சொல்லாமல் போய்ப் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். கதவு திறந்தது. கடல்நீலச் சட்டையில், அவ்வளவு பெரிய ஸ்டியரிங் சில்லைப் பிடித்துக்கொண்டு நளா. என்னைக் கண்டதும் புருவம் உயர்ந்தது. பயண அட்டையைக் காட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள். மற்றவர்களைப் போலவே காட்டிவிட்டு முன்வாங்கில் உட்கார்ந்தேன்.

நாலாவது தரிப்பிடத்தில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. முடிவு. திறந்தேன்.

பி2.

எழுந்தேவிட்டேன். "நளா" என்று பாதி வாய் திறந்தும்விட்டேன். அவளுடைய தலைக்கு மேலே எழுதியிருந்தது: ஓடும்போது சாரதியுடன் பேச வேண்டாம். திரும்ப உட்கார்ந்தேன். இன்னும் இருபத்திரண்டு தரிப்பிடம். எனக்கு ஒரு கிழமை பட்டினி கிடந்தாலும் கிடக்கலாம், இப்படியொரு சேதியை வாயில் வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டி பிடித்து நடக்கிற கிழவருக்காகப் பஸ்ஸை ஒருபக்கம் தாழ்த்திக் கொடுத்தாள். அவர் உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகுதான் எடுத்தாள். ஒரு பெண் வழி கேட்டாள். நளா சொன்ன பதிலுக்கு அவள் சிரித்துக்கொண்டு இறங்கினாள். செங்குத்தான மேட்டில், ஈரத் தெருவில், நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு குலுக்கல் இல்லாமல் திருப்பினாள். எங்கள் காரில் நான் பக்கத்தில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்ததெல்லாம் இவளுக்கா?

கடைசித் தரிப்பிடத்தில் எல்லாரும் இறங்கினார்கள். ஏழு நிமிட ஓய்வு. அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் சொல்லப்போறீங்களோ?"

வந்தது. தொண்டைவரைக்கும் வந்தது.

"அது பிறகு. நீ சொல்லு. எப்பிடிப் போகுது?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பரீட்சைக்கு இனிக் கேள்வி பழகத் தேவையில்லையே என்று யோசித்தாளோ என்னவோ. பிறகு போத்தலில் இருந்து தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு தொடங்கினாள். முதல் நாள் கண்ணாடியில் தன் முகத்தையே அடையாளம் தெரியாமல் போனது. சுற்றுவட்டத்தில் வால் இடிக்குமோ என்று ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடிப்பது. இந்த முனையில் கழிவறைப் பூட்டில் திறப்பு சரியாக வேலை செய்யாதது. தனியாகத் திரும்பி வந்த முதல் ஓட்டத்தில், வெறும் பஸ்ஸில், ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒருமுறை ஹோர்ன் அடித்தது. தன் தகப்பன் அதைக் கேட்க இல்லையே என்று அழுகை வந்தது.

நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. ஏழு நிமிடம் ஆனது.

அவள் நேரத்தைப் பார்த்துப் போத்தலை மூடினாள். "வெளிக்கிடப் போறன். இறங்குறீங்களோ?"

"இல்லை. உன்னோட திரும்பி வாறன்."

சட்டைப்பையில் பி2 கிடந்தது. கீழே போய்ச்சேர இருபத்தாறு தரிப்பிடம். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.